தேடிப் பிடித்த கோடு

கலைக் கல்லூரிக்கும் வடிவமைப்புக் கல்லூரிக்கும் விண்ணப்பிக்கிற பிள்ளைகள் கையில் கொண்டுபோகும் போர்ட்ஃபோலியோவைப் பெற்றோர் பலரும் மார்க் ஷீட்டோடு சேர்ந்த இன்னொரு கட்டு என்றுதான் நினைக்கிறார்கள். எனக்கு அது தனியே உட்கார்ந்து ரசிக்க வேண்டிய படைப்பு. ஏ3 தாளில் பதினைந்து, இருபது வேலைகள். முனை மடங்கிய ஸ்கெட்ச் புக் ஒன்றிரண்டு. மண்ணிலோ அட்டையிலோ செய்தவற்றின் புகைப்படங்கள் கொஞ்சம். கண்காட்சிச் சுவரில் முடிந்த ஓவியம்தான் தொங்கும். இந்தக் கோப்பில் 17 வயதுக் கண் ஒன்று பார்க்கப் பழகிய தடம் பக்கம் பக்கமாகக் கிடக்கும். எங்கே தயங்கியது, எங்கே அவசரப்பட்டது, எந்த இடத்தில் திடீரென்று பிடிபட்டது என்று அந்தத் தடத்தின் பின்னாலேயே போகலாம். பெரிய ஓவியர்களின் முடிந்த படங்களில்கூட இந்தச் சுவை எளிதில் கிடைப்பதில்லை.

புதுவையிலிருந்து கடலூர் போகும் சாலையில் தவளக்குப்பத்தில் மேற்கே திரும்பினால் அபிஷேகப்பாக்கம். வடக்கே கொஞ்ச தூரத்தில் அரியாங்குப்பம், அங்கே புதுவை அரசின் பாரதியார் பல்கலைக்கூடம். ஓவியமும் சிற்பமும் இசையும் நடனமும் ஒரே வளாகத்தில் கற்றுத்தரும் கல்லூரி ஒன்று பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருப்பது இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வாய்த்த அதிர்ஷ்டம். அதனால் அபிஷேகப்பாக்கம், பாகூர், வில்லியனூர் என்று சுற்றுவட்டாரத்து வீடுகளிலிருந்து, “சார், பையன் வரைஞ்சு வச்சிருக்கான், ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்க” என்று கோப்புகள் வந்துகொண்டே இருக்கும். எவ்வளவு வந்தாலும் எனக்குச் சலிப்பதில்லை.

திறந்ததும் பெரும்பாலும் முதலில் வருவது முகங்கள். அப்துல் கலாம், விஜய், ஒரு சாமி படம், ஏதோ ஒரு கதாநாயகியின் கண். எல்லாமே செல்போனில் இருந்த படத்துக்குக் கட்டம் போட்டு, தாளிலும் கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் நகல் எடுத்தவை. உழைப்பு நிஜமானது, ஒரு தாளுக்கு வாரக்கணக்கில் பென்சில் தேய்த்திருப்பார்கள். ஆனால் அந்த முகத்தில் வெளிச்சம் எந்தப் பக்கம் விழவேண்டும், எவ்வளவு தெரியவேண்டும், எதை விட்டுவிடவேண்டும் என்பதையெல்லாம் படம் எடுத்தவர் ஏற்கெனவே முடிவுசெய்துவிட்டார். கட்டம் போட்டவருக்கு மிச்சமிருந்தது பொறுமை ஒன்றுதான். தேர்வாளர் தேடுவது அந்த முடிவுகளைத்தான். செய்முறைத் தேர்வில் ஒரு குடத்தையும் நாலு வெங்காயத்தையும் மடிப்பு விழுந்த துணியையும் எதிரே வைத்து வரையச் சொல்லும்போது கட்டம் கைகொடுக்காது. குடத்தின் வாய் வட்டமென்று மனசுக்குத் தெரியும், கண்ணுக்கு அது நீள்வட்டமாகத்தான் தெரியும். இந்த இரண்டுக்கும் நடுவில் நடக்கிற சண்டையைத் தாளில் பலமுறை போட்டுப் பார்த்தவருக்கே அங்கே கை ஓடும்.

அண்மையில் பார்த்த ஒரு கோப்பில் அப்படிப்பட்ட முகங்களுக்குப் பின்னால், ஒளித்துவைத்ததுபோலச் சொருகியிருந்த ஒரு தாள் என்னை நிறுத்திவிட்டது. படுத்து அசைபோடும் பசு. அபிஷேகப்பாக்கத்து வீடு ஒன்றின் கொட்டகையில் உட்கார்ந்து 2பி பென்சிலால் வரைந்தது. பசு சும்மா இருக்குமா? தலையைத் திருப்பியிருக்கிறது. வரைந்த பெண் ரப்பரை எடுக்கவில்லை. முதல் தலையை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்திலேயே இரண்டாவது தலையைப் போட்டிருக்கிறாள். காது மட்டும் நாலு இடத்தில் இருக்கிறது. முதுகெலும்புக் கோடு தோளிலிருந்து கிளம்பி, திமிலருகே ஒருமுறை தப்பி, மறுபடி தொட்டு, இடுப்பெலும்பு புடைக்கும் இடத்தில் அழுத்தம் கூடி, வாலடியில் மெலிந்து காற்றோடு போகிறது. முன்காலை மடக்கி அதன்மேல் உடம்பைச் சாய்த்திருக்கும் பாரம் முழுக்க அந்த மூட்டுக்குக் கீழே அழுத்திப் போட்ட ஒரே ஒரு கருங்கோட்டில் இறங்கியிருக்கிறது. ஷேடிங் என்று எதுவுமே இல்லை. பசு கனமாக இருக்கிறது.

“இதை ஏம்மா பின்னாடி வச்சிருக்க?” என்று கேட்டேன். “அது சரியா வரல சார், கோடு கோடா இருக்கு” என்றாள். அந்தக் கோடுகள்தான் அவளுடைய போர்ட்ஃபோலியோ. முதல் பக்கத்துக்கு வரவேண்டியது அந்தத் தாள்.

நான் இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் பக்கத்து ஓவிய மரபே கோட்டை நம்பி வளர்ந்தது. அலெக்சாண்டர் ஹன்டர் என்ற ராணுவ மருத்துவர் 1850இல் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளிதான் இன்றைக்கு எழும்பூரில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரி. 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் முதல்வரானார். மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலை அவர் கைவண்ணம். அவருக்குப் பின் 1957இல் கே.சி.எஸ். பணிக்கர் வந்தார். அவர் காலத்துக் கல்லூரியிலிருந்து வெளிப்பட்ட ஓவியர்களைச் ‘சென்னை இயக்கம்’ என்று விமர்சகர்கள் குறிப்பிடும்போது முதலில் சொல்வது கோட்டின் முதன்மையைத்தான். சந்தானராஜ், முனுசாமி, ஆதிமூலம் என்று யாரை எடுத்தாலும் வண்ணத்துக்கு முன்னால் கோடு பேசும்.

அதிலும் ஆதிமூலம். 1938இல் திருச்சி மாவட்டத்துக் கீராம்பூரில் பிறந்தவர். கிராமத்திலிருந்து சென்னைக்கு வந்த அந்த இளைஞரின் வரையும் கையைக் கண்டு ஓவியப் பள்ளிக்கு வழிகாட்டியவர் சிற்பி தனபால். படித்து முடித்த சில ஆண்டுகளில், காந்தி நூற்றாண்டான 1969இல், ஆதிமூலம் வரைந்த காந்தி வரிசையைப் பாருங்கள். இங்க் கோடுகள் பின்னிப் பின்னி ஒரு மனிதரைக் கட்டியெழுப்புகின்றன. காந்தியின் முகத்தைப் புகைப்படமாக நாம் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறோம். ஆதிமூலத்தின் காந்தியில் தெரிவது நடையும் எலும்பும் பிடிவாதமும். பிறகு ஜூனியர் விகடனில் கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு அவர் வரைந்த கோட்டோவியங்கள் வந்தபோது, கலைக்கூடம் பக்கமே போகாத வாசகர்களின் வீட்டுத் திண்ணைக்கும் நவீன ஓவியம் வந்து சேர்ந்தது. அந்தக் கி.ரா. பிற்காலத்தில் நம் புதுவைக்கே வந்து கடைசிவரை இங்கேயே வாழ்ந்தார் என்பதில் எனக்கு ஒரு தனிப் பெருமை.

கோப்பு கட்டும் பிள்ளைகளுக்கு நான் விரும்பிச் சொல்லும் இன்னொரு வாழ்க்கை கே.ஜி. சுப்பிரமணியனுடையது. 1924இல் கேரளத்துக் கூத்துபரம்பில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த மாஹேயில் வளர்ந்தவர். இன்றைக்கு நம் புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் அங்கம்தான் அந்த மாஹே. சென்னை மாநிலக் கல்லூரியில் அவர் படித்தது பொருளாதாரம். வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை சென்றார். அரசுக் கல்லூரிகளின் கதவு அடைபட்டது. 1944இல் சாந்திநிகேதனின் கலாபவனில் சேர்ந்தார். அங்கே நந்தலால் போஸ், வினோத் பிஹாரி முகர்ஜி, ராம்கிங்கர் பைஜ் என்று மூன்று பெரும் ஆசிரியர்கள். நந்தலாலுக்கு ஒரு வழக்கம்: அஞ்சலட்டை அளவுத் தாள்களில் கண்ணில் பட்டதையெல்லாம் வரைந்துகொண்டே இருப்பார், மரம், ஆடு, நடந்துபோகும் ஆள், மழை. வரைந்த அட்டையைத் தெரிந்தவர்களுக்குத் தபாலிலும் போட்டுவிடுவார். பெரிய தாள், விலை உயர்ந்த கலர், தனி அறை எதுவும் இல்லையே என்று மலைக்கும் பிள்ளைகளிடம் நான் இந்த அஞ்சலட்டைகளைப் பற்றித்தான் பேசுவேன். சட்டைப் பையில் அடங்கும் நோட்டு ஒன்றில் ஒரு வருஷம் வரைந்தாலே, கோப்பில் வைப்பதற்கு எதை எடுப்பது எதை விடுவது என்று திணறும் அளவுக்குச் சேர்ந்துவிடும்.

சுப்பிரமணியன் பின்னாளில் பரோடாவில் ஆசிரியராக இருந்து தலைமுறைகளை உருவாக்கினார். அவர் வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது லக்னோ ரவீந்திராலயாவின் சுவரில் 1963இல் சுடுமண் ஓடுகளால் அமைத்த பெருஞ்சித்திரம். குயவர் சக்கரத்திலும் அச்சிலும் பிறக்கிற எளிய உருவங்களை ஆயிரக்கணக்கில் அடுக்கி, ஒரு நாடகத்தையே சுவரில் ஓடவிட்டிருப்பார். நாட்டுப்புறக் கைவினையைத் தாழ்த்தியும் பார்க்காமல், கும்பிட்டு ஒதுக்கியும் வைக்காமல், கூட வேலைசெய்யும் தோழனாக ஏற்றுக்கொண்ட கலைஞர் அவர்.

நம் ஊர்க் கோப்புகளில் எனக்கு ஏக்கம் வரும் இடம் இதுதான். வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தக் கலையில் தோய்ந்த வி.கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இத்தனை பக்கத்தில் இருந்தும் பிள்ளைகளின் கோப்பில் மண் அரிதாகத்தான் தென்படுகிறது. வரும்போதும் வர்ணம் பூசிய பிள்ளையார் ஒன்றின் புகைப்படமாக வரும். எனக்குப் பார்க்கக் கிடைத்தவற்றில் ஒரே ஒரு கோப்புதான் வேறு மாதிரி. அந்தப் பையன் அய்யனார் குதிரை ஒன்று உருவாவதை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை உட்கார்ந்து வரைந்திருந்தான். மண்ணை மிதிக்கும் கால்களில் தொடங்குகிறது. பிறகு குழாய்களாக எழும்பும் நாலு கால்கள்; அவற்றின்மேல் தொட்டிபோல உட்காரும் வயிறு; அதற்குமேல் வளைந்து வளர்கிற கழுத்து. உள்ளே கூடு என்பதைக் காட்ட ஒரு தாளில் குதிரையைக் குறுக்கே வெட்டி வரைந்திருக்கிறான். ஓர் இடம் கனமாகவும் இன்னோர் இடம் மெல்லியதாகவும் இருந்தால் காயும்போதும் சூளையிலும் வெடிக்கும் என்பதால் சுவரின் கனம் எங்கும் ஒன்றாக இருக்கவேண்டும் அல்லவா? அந்தக் கனத்தை இரட்டைக் கோட்டால் காட்டியிருந்தான். நீராவி வெளியேற விடும் துளைகளுக்கு அம்புக்குறி போட்டிருந்தான். அலங்கார மணி, சலங்கை, கடிவாளம் எல்லாம் கடைசித் தாளில்தான் வருகின்றன. பொருளை வெளித்தோற்றமாகப் பார்க்கும் கண்ணுக்கும், அது நிற்பதற்கான காரணத்தைப் பார்க்கும் கண்ணுக்கும் உள்ள வேறுபாடு அந்தச் சில தாள்களில் இருந்தது. சிற்பத் துறைக்கோ பொருள் வடிவமைப்புக்கோ போகும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பக்கங்கள் வேண்டியதில்லை.

வடிவமைப்புக் கல்லூரிகள் எதிர்பார்ப்பது இதையேதான், கொஞ்சம் வேறு கோணத்தில். சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதியை இந்திய அரசு அழைத்துக் கேட்டதன்பேரில் 1958இல் அவர்கள் ஓர் அறிக்கை தந்தார்கள். அதைத் தொடர்ந்தே 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது. அந்த அறிக்கையில் அவர்கள் வியந்து வியந்து எழுதியது நம் வீட்டுச் சொம்பைப் பற்றி. எவ்வளவு தண்ணீர் கொள்ளும், இடுப்பிலும் தலையிலும் கையிலும் எப்படி அமரும், ஊற்றும்போது எடை எப்படி நகரும், எதைக்கொண்டு தேய்ப்பார்கள் என்று கேள்விமேல் கேள்வியாக அடுக்கினார்கள். தனி ஒருவர் உட்கார்ந்து தீட்டாமல், தலைமுறை தலைமுறையாகப் பல கைகள் செதுக்கிய வடிவம் அது என்பது அவர்களின் வியப்பு. வடிவமைப்புக் கோப்புக்கு வழி கேட்கும் பிள்ளைக்கு இந்தக் கேள்விகளே போதும். ஆளில்லா விமானமும் எதிர்கால நகரமும் வரைந்துகொண்டு வருவதைவிட, தினமும் கையில் எடுக்கும் ஒரு பொருளை விடாமல் விசாரித்த பத்துத் தாள்கள் பலமடங்கு பேசும்.

அப்படி ஒரு வரிசையைப் பார்த்த மகிழ்ச்சி இன்னும் தீரவில்லை. பூக்கட்டும் விரல்கள். தன் பாட்டி மல்லிகை கட்டுவதை ஒரு பெண் படிப்படியாக வரைந்திருந்தாள். இடக்கைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம். காம்புகள் நடுவில் ஒன்றையொன்று தொடுகின்றன. நூல் ஒரு சுற்று வருகிறது. அடுத்த தாளில் வலக்கை விரல் நூலை முறுக்கி ஒரு கண்ணியாகத் திருப்புகிறது. அது காம்புகளின்மேல் மாட்டி இறுகுகிறது. பூவைப் பூவாக அவள் வரையவே இல்லை, மொட்டுக்கு ஒரு சின்ன நீள்வட்டம்தான். கவனமெல்லாம் விரல் மூட்டுகளிலும் நூலின் போக்கிலும். ஓரத்தில் குறிப்பு எழுதியிருந்தாள்: பாட்டிக்கு விரல் வலி, நூலை இழுக்கும் அந்தக் கடைசி அசைவில்தான் வலி கூடுகிறது. அதற்கடுத்த பக்கங்களில் நூலை இழுக்க உதவும் சின்னக் கருவிக்கு அவள் செய்து பார்த்த முயற்சிகள்: வளைத்த கம்பி, துளையிட்ட தேங்காய்ச் சிரட்டைத் துண்டு, பழைய துணி கிளிப். எதுவும் முழுசாக வேலைசெய்யவில்லை என்றும், ஏன் செய்யவில்லை என்றும் எழுதியிருந்தாள். கேள்வி, கவனிப்பு, முயற்சி, தோல்வியின் காரணம் என்று நாலும் ஒரே வரிசையில் நேர்மையாக நின்றன. கருவி வெற்றிபெற்றிருந்தால்கூட நான் இவ்வளவு ரசித்திருப்பேனா தெரியவில்லை.

எதை எந்த வரிசையில் வைப்பது என்பது இந்தக் கலையின் பாதி. இருபது நல்ல தாள்களோடு ஐந்து சுமாரான தாள்களைச் சேர்த்தால் பார்ப்பவர் நினைவில் நிற்பது அந்த ஐந்துதான். மனசுக்குப் பிடித்த தாளைத் தூக்கிப்போடத் துணிவு வேண்டும். பள்ளியில் பரிசு வாங்கிய படமாயிற்றே என்று அம்மா சொன்னாலும் துணிய வேண்டும். முதல் தாள் பார்ப்பவரை நிறுத்தவேண்டும். இரண்டாவதும் மூன்றாவதும் முதலாவது தற்செயலாக வந்ததல்ல என்று காட்டவேண்டும். பசுவுக்கு அடுத்து பாகூர் மூலநாதர் கோயிலின் சின்னச் சின்னப் புடைப்புச் சிற்பங்களிலிருந்து எடுத்த ஆடற்பெண் ஒருத்தியை வைக்கலாம். கல்லில் உறைந்த அசைவும் கொட்டகையில் உயிரோடு இருந்த அசைவும் அடுத்தடுத்து வரும்போது ஒன்றையொன்று தூக்கிக்கொடுக்கும். அதன்பின் வண்ணம். வண்ணத் தாள்கள் நாலைந்து போதும். ஏரிக்கரையை அதே இடத்தில் உட்கார்ந்து காலையும் நடுப்பகலும் மாலையும் போஸ்டர் கலரில் போட்டிருந்தால் அந்த மூன்றுமே ஒரு பாடம்.

இந்த ஊர்ப் பிள்ளைகளிடம் நான் ஆசையோடு கேட்பது ஒன்று உண்டு. அபிஷேகப்பாக்கத்தை ஒட்டிய சிங்கிரிகுடியில் நரசிம்மருக்குப் பதினாறு கைகள். மேற்கு பார்த்த சந்நிதியில் இரணியனை மடியில் கிடத்திய உக்கிர கோலம். கருவறை முன்னால் பென்சிலை எடுக்க முடியாது, எடுக்கவும் வேண்டாம். நின்று கும்பிட்டுப் பார்த்துவிட்டு, வெளியே மண்டபத்தில் உட்கார்ந்து நினைவிலிருந்து வரைய வேண்டும். பதினாறு கைகள் இரண்டு தோளிலிருந்து எப்படிக் கிளம்புகின்றன? எந்தக் கை எதன் பின்னால் போகிறது? இரணியனின் உடம்பைப் பற்றிய கைகளின் அழுத்தத்துக்கும், ஆயுதம் ஏந்திய கைகளின் விரிவுக்கும் சிற்பி எப்படி இடம் பிரித்தார்? வரையத் தொடங்கியதும் நாம் எவ்வளவு பார்க்கவில்லை என்பது தெரியும். மறுபடி உள்ளே போய்ப் பார்த்து, மறுபடி வெளியே வந்து வரைய வேண்டும். நாலு வாரம் இப்படிச் செய்த ஒருவரின் நாலு தாள்களை அடுத்தடுத்து வைத்தால், கண் கூர்மையாகும் வேகத்தையே தேர்வாளர் பார்த்துவிடலாம். இப்படி ஒரு வரிசை இன்னும் என் கைக்கு வரவில்லை. வரும் என்று காத்திருக்கிறேன்.

வரைந்ததோடு வேலை முடிவதில்லை, தாளைப் பாதுகாக்கவும் வேண்டும். கரித்துண்டில் வரைந்த தாளுக்கு ஃபிக்சேட்டிவ் அடிக்காமல், நடுவில் பட்டர் பேப்பரும் வைக்காமல் கொண்டுவந்து, எதிர்த்தாளெல்லாம் கரி அப்பிப்போன கோப்பைப் பார்க்கும்போது மனசு நோகும். ஆன்லைனில் அனுப்புவதென்றால் படம் பிடிப்பதிலும் அதே அக்கறை வேண்டும். வெயிலில் வேண்டாம், டியூப்லைட்டும் வேண்டாம். காலை வெளிச்சம் விழும் திண்ணை நிழலில் தாளைச் சுவரில் ஒட்டி, போனை அதற்கு நேரே, சாயாமல் பிடித்து எடுத்தால் நாலு மூலையும் நாலு மூலையாக வரும். கோடு தெளிவாகத் தெரியவேண்டும் என்று ஃபில்டர் போடாதீர்கள். மெல்லிய கோடுகள்தான் முதலில் செத்துப்போகும். ஒவ்வொன்றின் கீழும் எதில் வரைந்தது, என்ன அளவு, எந்த ஆண்டு என்று ஒரு வரி போதும். நேரில் பார்த்து வரைந்ததென்றால் அந்த இடத்தின் பெயரையும் எழுதுங்கள். கொட்டகை, அபிஷேகப்பாக்கம் என்று பசுவின் கீழே எழுதினால் நகல் படம் எதற்கும் வராத கம்பீரம் அதற்கு வந்துவிடும்.

நேர்முகத்துக்குப் போகும்போது அழகாக வெட்டி ஒட்டிய தாள்களோடு அழுக்கான ஸ்கெட்ச் புக்கையும் எடுத்துப்போக வேண்டும். அனுபவமுள்ள ஆசிரியர்கள் பலர் கோப்பை ஒருமுறை புரட்டிவிட்டு நேரே அதற்குத்தான் கை நீட்டுவார்கள். கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திறப்பார்கள். அன்றைக்குக் காலை தவளக்குப்பத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது வரைந்தது ஏதாவது அதில் இருந்தால் ரொம்ப நல்லது.